எல்லையோரக் காட்டுப்பன்றியும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்

அமெரிக்காவுக்கு வந்த புதிதில், வசந்த காலத்து ஒரு சனிக்கிழமை, என் பக்கத்து வீட்டு அமெரிக்கர் என்னைச் சுடுதளம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். வான்கோழி வேட்டைக் காலம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. அங்கே அவர் சுட்டது வெறும் காகிதத்தை! நான்கடி அகலத் தாளை 40 கெஜ தூரத்தில் கட்டிவைத்து ஒரு தோட்டா சுடுவார். நடந்து போய் ஓட்டைகளை எண்ணுவார். நோட்டில் குறித்துக்கொண்டு வேறு கம்பெனித் தோட்டாவைப் போடுவார். காலை முழுவதும் இதே வேலை. ‘ஒரு பறவைக்காக இத்தனை தோட்டாவை வீணாக்குகிறாரே’ என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு எவ்வளவு தவறானது என்பது, சென்ற விடுமுறையில் பாறசாலைக்குக் கிழக்கேயுள்ள எங்கள் ஊருக்குப் போனபோதுதான் புரிந்தது.

மரச்சீனித் தோட்டத்தில் நடந்தது

நெய்யாற்றின்கரை, பாறசாலை, வெள்ளறடை பக்கத்தை அறிந்த அன்பர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இன்றும் ஒரே குடும்பத்தின் வீடு ஒரு மாநிலத்திலும் தோட்டம் மறு மாநிலத்திலுமாக இருக்கும். மரச்சீனி, சேனை, சேம்பு, ஏத்தன் வாழை, ரப்பர் இவைதான் பிழைப்பு. கிழக்கே 1958-இல் அறிவிக்கப்பட்ட நெய்யாறு வனவிலங்குச் சரணாலயமும் அகத்தியமலையும். அங்கிருந்து இறங்கிய காட்டுப்பன்றிகள் இப்போது ரப்பர் தோட்டங்களின் அடிக்காட்டிலேயே குடியிருந்து குட்டி போடுகின்றன.

நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் காலை, என் அக்காளின் மரச்சீனி விளை உழுது போட்டது போலக் கிடந்தது. எட்டு மாதம் வளர்த்த கிழங்கு ஒரே இரவில் போய்விட்டது. அக்காள் அழவில்லை. “நடுறதையே நிறுத்திடலாம்னு நெனைக்கேன்” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்தான் எனக்கு உறைத்தது. நம்மில் பலரைப் படிக்க வைத்தது அந்தக் கிழங்குதானே!

பஞ்சாயத்தில் மனு கொடுத்து, அனுமதி பெற்று, பட்டியலில் உள்ள துப்பாக்கிக்காரர் ஒருவரை அத்தான் அழைத்து வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு மாமா முறை. கையில் பழைய பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். இரவு பதினொரு மணிக்குப் பன்றி வந்தது. டார்ச் வெளிச்சத்தில் சுமார் 40 மீட்டர் தூரத்தில் மாமா சுட்டார். பன்றி அலறியது, விழுந்தது, எழுந்து ஓடியது. வேலியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, தமிழகப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குள் மறைந்துவிட்டது.

அடுத்த இரண்டு நாள் ஊரே நடுங்கியது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் தொழிலாளர்கள் யாரும் போகவில்லை. காயம்பட்ட ஒற்றைப் பன்றி எதிரே வருவது எப்படிப்பட்ட ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் ஓடைக்கரையில் அது செத்துக் கிடந்தது. அதுவரை அது பட்ட வேதனையையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பன்றி, இரண்டு சட்டம்

மாமா ஏன் பின்தொடர்ந்து போகவில்லை என்று கேட்கலாம். போக முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை யாரும் தம் விருப்பப்படி சுடக் கூடாது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமம் உள்ள, பட்டியலில் சேர்ந்த துப்பாக்கிக்காரர் சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. சுட்ட பன்றியை முறைப்படி புதைத்துவிட வேண்டும். இறைச்சியைத் தொடக் கூடாது. அமெரிக்கர் வான்கோழியை வீட்டுக்குக் கொண்டுபோய் விருந்து வைப்பார். நம் மாமாவுக்கோ குழி வெட்டும் வேலைதான் மிச்சம்!

ஓடைக்கு அப்பால் வேறு விதி. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். தனியார் துப்பாக்கிக்கு அங்கே இடமில்லை. ஆகவே எல்லையோரத்தில் சுடும் முதல் தோட்டாவே கடைசித் தோட்டாவாக இருக்க வேண்டும். குறி தப்பினால் திருத்திக்கொள்ள வழியில்லை.

ரவை எப்படிப் பறக்கிறது?

“மாமா, இந்தத் தோக்கை எப்போதாவது காகிதத்தில் சுட்டுப் பார்த்ததுண்டா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார், முன்பு நான் சிரித்தது போலவே. “மக்களே, தோட்டா விக்கிற விலைக்குக் காகிதத்தையா சுடுவாங்க?” என்றார்.

பன்னிரண்டு போர் துப்பாக்கி ரைபிளைப் போல ஒரே குண்டை அனுப்புவதில்லை. (குழலின் உள்விட்டத்துக்குச் சமமான 12 ஈயக் குண்டுகள் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, பெயர் வந்த காரணம் அதுதான்.) அது ரவைகளை ஒரு கூட்டமாக அனுப்புகிறது. குழலை விட்டதும் அந்தக் கூட்டம் விரியத் தொடங்கும். குழல் வாய் குறுகாமல் இருந்தால், பெரிய ரவைகள் ஏறக்குறைய ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய கைக்கணக்கு. 20 கெஜத்தில் ஒரு முறத்தின் அகலம். 40 கெஜத்தில் ஒரு கதவின் அகலம்.

இந்த விரிவை அடக்குவதற்காகக் குழல் வாயைச் சற்றுக் குறுக்குவார்கள். இதற்குச் சோக் என்று பெயர். 40 கெஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு 70 ரவை விழுந்தால் முழுச் சோக். 60 விழுந்தால் அரைவாசி இறுக்கம். 40 என்றால் சோக் இல்லாத வெறுங்குழல். பழைய இரட்டைக்குழல்களில் பெரும்பாலும் வலது குழல் விரிவாகவும் இடது குழல் இறுக்கமாகவும் இருக்கும். எது எப்படி என்று அறியாமல் விசையை இழுத்தால் பலன் அதிர்ஷ்டத்தின் கையில்.

வான்கோழியின் மார்பை இறகும் சதையும் மூடியிருப்பதால் தலையிலும் கழுத்திலும்தான் ரவை பட வேண்டும். ஆகவே அமெரிக்க வேட்டைக்காரர்கள் 10 அங்குல வட்டத்துக்குள் 100 சிறு ரவைகள் விழுகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்கள். பன்றிக்குக் கணக்கு வேறு. தோள்புறத்தில் கெட்டியான தோல் உள்ள மிருகத்தைச் சிறு ரவை காயப்படுத்துமே தவிரக் கொல்லாது. எஸ்.ஜி., எல்.ஜி. என்னும் பெரிய ரவைகள் வேண்டும். எஸ்.ஜி. தோட்டாவில் இருப்பவை 9 அளவில்தான்; எல்.ஜி.யில் 6. நெஞ்சுப் பகுதியோ ஒரு சோற்றுத் தட்டு அளவு. ஒன்பதில் எத்தனை அந்தத் தட்டுக்குள் விழும் என்பதே கேள்வி.

ஐந்து தோட்டாச் செலவு

மாமாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். உரிமம் பெற்ற சுடுதளத்துக்குப் போனோம். துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கவைத்து, தாளின் நடுவில் தட்டு அளவு வட்டம் போட்டுச் சுட்டோம். வலது குழல், 20 மீட்டரில், 9 ரவையும் தட்டுக்கு உள்ளேயும் ஓரத்திலுமாக விழுந்தன. 30 மீட்டரில் 5. 40 மீட்டரில் 2! இடது குழல் சற்று இறுக்கம். ஆனால் கூட்டம் முழுவதும் ஒரு சாண் இடப்பக்கம் விலகி விழுந்தது. முப்பது வருடம் தோளில் சுமந்த துப்பாக்கியின் குணம் ஐந்து தோட்டாவில் தெரிந்துவிட்டது. மாமா வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். “அன்னைக்கு ராத்திரி நான் சுட்டிருக்கவே கூடாது” என்றார்.

இதைச் சீராக்கும் வழிகள் எளியவையே. ஒரே வகை ரவையானாலும் ஒவ்வொரு கம்பெனித் தோட்டாவும் ஒவ்வொரு குழலில் வேறுவேறாக விழும். இரண்டு மூன்று வகை போட்டுப் பார்த்து நன்றாக விழுவதையே எப்போதும் வாங்க வேண்டும். வெடிக்கும் வேகத்தில் ஈய ரவைகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும். நசுங்கிய ரவை நேரே போகாது. ரவையைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தாங்கிய தோட்டாவில் இந்த நசுங்கல் குறைவு. குழலுக்குள் ஒட்டிய ஈயத்தையும் பிளாஸ்டிக்கையும் துடைத்து எடுக்க வேண்டும். சோக் இறுகினால் எல்லாம் சரியாகும் என்பதும் பொய். பெரிய ரவைகள் மிக இறுகிய வாயில் நெருக்குண்டு முன்னிலும் மோசமாகச் சிதறுவதுண்டு. குழலில் கைவைப்பதானால் உரிமம் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமே கொடுக்க வேண்டும். 65 மில்லிமீட்டர் அறையுள்ள பழைய துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடவே கூடாது. சுடுபவர் உயிருக்கே ஆபத்து.

எல்லாவற்றையும்விட முக்கியம், தன் எல்லையை அறிவது. எந்தத் தூரம் வரை ரவைகள் தட்டுக்குள் விழுகின்றனவோ அதுவே அந்தத் துப்பாக்கியின் எல்லை. அதற்கு அப்பால் நிற்கும் பன்றியை விட்டுவிட வேண்டும். மாமா இப்போது 20 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை. வலது குழலை மட்டும் பயன்படுத்துகிறார்.

நாம் செய்யக்கூடியது

துப்பாக்கி ஒன்றே தீர்வு என்று நான் சொல்ல வரவில்லை. தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பன்றிக்குத் தேர்தல் தெரியாது. நல்ல வேலியும், அக்கம்பக்கத்தார் சேர்ந்து காவல் இருப்பதும் என்றைக்கும் வேண்டும். குறிஞ்சி நிலத்தார் பரண் கட்டித் தினைப்புனம் காத்த காலத்திலிருந்து இது நம் வழக்கம்தானே.

ஆனால் மனம் வெறுத்த விவசாயி குறுக்கு வழியில் போகும்போது நடப்பதை நாம் பார்த்துவிட்டோம். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம், வெடி வைத்த உணவைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஆற்றுநீரில் நின்றே உயிர் விட்டது. 2025 ஜூனில் நிலம்பூர் அருகே வழிக்கடவில், பன்றிக்காகச் சட்டவிரோதமாகப் போட்ட மின்கம்பியில் ஒரு பள்ளி மாணவன் மாண்டான். இவற்றோடு ஒப்பிட்டால், அனுமதி பெற்று, தூரம் அறிந்து, ஒரே தோட்டாவில் முடிப்பது எவ்வளவோ மேல்.

ஊரில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் சித்தப்பாவோ மாமாவோ உங்களுக்கும் இருக்கலாம். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது கேளுங்கள்: காகிதத்தில் சுட்டுப் பார்த்தீர்களா? தோட்டா விலைதான் தடை என்றால், அந்த ஐந்து தோட்டாவின் செலவை நாம் ஏற்றுக்கொள்ளலாம். என் அக்காள் இந்த வருடமும் மரச்சீனி நட்டிருக்கிறாள். பால் வெட்டுக்காரர்களும் வழக்கம்போல விடியுமுன் போய்வருகிறார்கள்.