ஒரே வைரம், இரண்டு தரம் - ஏன்?

ஸ்ரீரங்கத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. அங்குள்ள கோயிலில், தெய்வத் திருவுருவின் கண்ணில் ஒரு பெரிய வைரம் பதிக்கப்பட்டிருந்ததாம். 18ஆம் நூற்றாண்டில், கர்நாடகப் போர்கள் நடந்த காலத்தில், பிரெஞ்சுப் படைவீரன் ஒருவன் அதைப் பெயர்த்துக்கொண்டு சென்னைக்கு ஓடிவிட்டானாம். அது பல கை மாறி, 'ஆர்லவ்' என்ற பெயருடன் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேதரினின் செங்கோலில் ஏறியதாம்.

கதைக்குச் சான்று இல்லை. ஆனால் வைரம் உண்மை. மாஸ்கோவில் கிரெம்ளின் கோட்டைக்குள் இன்றும் அது இருக்கிறது. எடை சுமார் 190 காரட். அதாவது ஏறக்குறைய 38 கிராம்.

இப்போது ஒரு கேள்வி. ஏதோ ஒரு வைரத்தைப் பத்து நிபுணர்களிடம் தனித்தனியே கொடுத்து, "எடை என்ன?" என்று கேட்கிறோம். நல்ல தராசு இருந்தால் பத்துப் பேரும் ஒரே விடையைச் சொல்வார்கள். "நிறம் எந்தத் தரம்? குறை எவ்வளவு?" என்று கேட்டால்? விடைகள் ஒன்றுபோல் இரா. அதே நிபுணரிடம் ஆறு மாதம் கழித்து அதே கல்லைக் கொடுத்தால், அவரே வேறு தரம் சொல்லக்கூடும். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தொழில் அறியாதவரும் அல்லர். பிறகு ஏன் இப்படி?

எடைக்கு ஒரு படி

முன்பு நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் குன்றிமணியை எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் 'கராப்' என்ற மரத்தின் விதை பயன்பட்டது. 'காரட்' என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது. விதைக்கு விதை எடை மாறும் அல்லவா? அதனால் காரட்டின் அளவும் ஊருக்கு ஊர் சற்றே மாறியது. 1907இல் எடை, அளவுகளுக்கான உலக மாநாடு ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம் என்று முடிவு செய்தது. நாளடைவில் எல்லா நாடுகளும் அதை ஏற்றன. எடைச் சண்டை தீர்ந்தது.

கல் அசலா, போலியா என்பதையும் அளந்தே சொல்லிவிடலாம். திருச்சியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் வேலை குடிசைத் தொழிலாக வளர்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று அதிகம் புழங்கும் செயற்கைக் கல்லான கனசதுர சிர்கோனியா, பார்வைக்கு வைரம் போலவே மின்னும். ஆனால் வைரத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.5 கிராம், சிர்கோனியாவுக்கோ ஏறக்குறைய 6 கிராம். ஒரே அளவுள்ள இரண்டு கற்களைத் தராசில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆக, "இது என்ன?" என்ற கேள்விக்குக் கருவி விடை சொல்கிறது. "இது எவ்வளவு நல்லது?" என்ற கேள்விக்குத்தான் நெடுங்காலமாக மனிதக் கண்ணை நம்பியிருக்கிறோம்.

தரம் பிரித்த கதை

சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைப் பார்க்கும் காட்சி வருகிறது. வைரத்தின் குறைகளாகக் காக்கைக் கால் போன்ற தடம், கறை, புள்ளி, கோடு ஆகிய நான்கும் அங்கே பேசப்படுகின்றன. குறைகளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் எவ்வளவு சிறிய புள்ளி குறையாகும் என்பது பார்ப்பவர் கையில் இருந்தது.

மேலை நாடுகளிலும் ஒவ்வொரு வணிகரும் ஒவ்வொரு பெயர் வைத்தார்கள். ஒருவருக்கு 'ஏ' உயர்ந்த தரம். இன்னொருவருக்கு 'ஏ' மூன்று முறை வந்தால்தான் உயர்வு. 1931இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம், 1953இல் இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. பழைய 'ஏ', 'பி', 'சி'யோடு குழப்பம் வரக்கூடாது என்று, சற்றும் நிறமற்ற கல்லுக்கு 'டி' என்று பெயரிட்டது. மஞ்சள் சாயல் ஏற ஏற, ஆங்கில எழுத்துகள் 'இசட்' வரை இறங்குகின்றன. குறைகளுக்கு 11 தரங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தே அவற்றை முடிவு செய்ய வேண்டும். உலகெங்கும் இன்று இந்த முறையே பெரிதும் பின்பற்றப்படுகிறது.

பெயர்கள் ஒன்றாகிவிட்டன. தீர்ப்புகள் ஏன் ஒன்றாகவில்லை?

மூன்று காரணங்கள்

முதல் காரணம், எல்லைக்கோடு. மலைக்கோட்டைப் படிக்கட்டில் நிற்கும் ஒருவர், தாம் எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். காவிரிக்கரைச் சரிவில் நிற்பவர் என்ன செய்வார்? அங்கே படியே இல்லை! நிறமும் அப்படியே. வெண்மையிலிருந்து மஞ்சளுக்கு அது சரிவாகத்தான் இறங்குகிறது. 'ஜி', 'எச்' என்ற படிகளை நாம்தான் அந்தச் சரிவின்மேல் கோடு போட்டுப் பிரித்தோம். கோட்டின்மேலேயே நிற்கும் கல்லை ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் தள்ளுவது இயல்பு. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுதான். ஆனால் விலையில் அது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது காரணம், முன்பு பார்த்த கல். வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் அறை இருட்டாகத் தோன்றுகிறது அல்லவா? மிக வெண்மையான கல்லைப் பார்த்த கையோடு அடுத்த கல்லைப் பார்த்தால், அது கொஞ்சம் கூடுதலாக மஞ்சளாகத் தோன்றும். கண் ஒப்பிடுவதில் வல்லது. தனியாக அளப்பதில் அவ்வளவு வல்லதல்ல.

மூன்றாவது காரணம், ஒளி. இங்கே நம் திருச்சிக்காரர் ஒருவரைச் சந்திக்கிறோம். ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்த சர் சி. வி. ராமன்தான் அவர். 1930இல் நோபல் பரிசு பெற்ற அவர், பின்னர் பெங்களூரில் வைரங்களைச் சேகரித்து ஆராய்ந்தார். 1940களில் அவரது ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அன்னா மாணி, 30க்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வை நிறமாலை எடுத்துப் பதிவு செய்தார். பின்னாளில் வானிலை ஆய்வில் புகழ்பெற்ற அதே அன்னா மாணிதான்.

சில வைரங்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, நீல ஒளியாக வெளிவிடுகின்றன. சில மிக வலுவாக ஒளிர்கின்றன. சில ஒளிர்வதே இல்லை. நீலம் மஞ்சளின் எதிர் நிறம். ஆகவே மஞ்சள் சாயலுள்ள ஒரு கல் வலுவாக நீலத்தில் ஒளிர்ந்தால், சூரிய வெளிச்சத்தில் மஞ்சள் மங்கி வெண்மையாகத் தோன்றலாம். புற ஊதாக் கதிர் இல்லாத விளக்கொளியில் மஞ்சள் மீண்டும் தலைகாட்டும். கல் ஒன்றுதான், விளக்கு மாறினால் தரமும் மாறுகிறது!

சிதறல் சாய்வாகும் விதம்

தரம் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். சராசரியில் சரியாகிவிடுமே, என்ன கெடுதல் என்று கேட்கிறீர்களா? இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

ஒரு பகடையைப் பலமுறை உருட்டினால் சராசரி 3.5 வரும். ஒவ்வொரு தடவையும் மூன்றுமுறை உருட்டி, மிகப் பெரிய எண்ணை மட்டும் எழுதுங்கள். சராசரி ஏறக்குறைய 5 ஆகிவிடும். பகடையில் மோசடி ஏதும் இல்லை, தேர்ந்தெடுப்பில்தான் இருக்கிறது.

கல்லின் உரிமையாளர் ஒரு சான்றிதழ் பிடிக்காவிட்டால் வேறு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். உயர்ந்த தரம் கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளலாம். பழைய நாணயங்களுக்கு 70 வரையிலும், அமெரிக்காவில் பழைய பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளுக்கு 10 வரையிலும் தர எண் கொடுக்கிறார்கள். அங்கும் சேகரிப்பாளர்கள் அதே பொருளை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்ப்பதுண்டு. இப்படிச் செய்தால், கடைக்கு வரும் சான்றிதழ்கள் மேல்நோக்கியே சாயும். வாங்குபவர்தான் நஷ்டப்படுவார்.

உங்கள் விடைத்தாளும்தான்

கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதும் தரம் பிரிப்பதுதானே? அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1912இல் ஒரு சோதனை நடத்தினர். ஒரே ஆங்கில விடைத்தாளின் நகலை 142 ஆசிரியர்கள் திருத்தினார்கள். ஒருவர் 64 போட்ட தாளுக்கு இன்னொருவர் 98 போட்டிருந்தார்!

வைர ஆய்வகங்கள் கண்ட பரிகாரங்கள் இங்கும் பொருந்தும். அங்கே தரம் நிச்சயிக்கப்பட்ட மாதிரிக் கற்களின் வரிசையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். விடைத்தாளுக்கு அதுவே மாதிரி விடையும் மதிப்பெண் பங்கீடும். அங்கே விளக்கும் பின்னணியும் எப்போதும் ஒன்றே. ஒரு கல்லை ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை. ஒருவர் முடிவை அறியாமல் மற்றவர் பார்க்கிறார். நிறம் அளக்கும் கருவியும் இன்று கண்ணுக்குத் துணை நிற்கிறது. இவ்வளவு செய்தாலும் வேறுபாடு குறையுமே தவிர, அடியோடு மறையாது. ஆகவே ஒரு படி வித்தியாசத்தைப் பெரிய வித்தியாசமாக எண்ணிவிடக் கூடாது. 71 வாங்கியவரைவிட 73 வாங்கியவர் அறிவாளி என்று முடிவு கட்டவும் கூடாது.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் 15 சோதனைக் குழாய்கள் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றிலும் சம அளவு நீர் ஊற்றுங்கள். வீட்டிலிருந்து கொஞ்சம் காப்பி டிக்காஷன் கொண்டுவந்து, முதல் பத்துக் குழாய்களில் முறையே 1 முதல் 10 சொட்டுகள் விடுங்கள். நண்பர் அவற்றைக் கலைத்து, ஒவ்வொன்றாக, வெள்ளைத் தாளின் முன் காட்டட்டும். எத்தனை சொட்டு என்று நீங்கள் சொல்லுங்கள், அவர் குறித்துக்கொள்வார். அரைமணி கழித்து மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். இரண்டு பட்டியல்களும் ஒத்துப்போகின்றனவா?

பிறகு மீதி ஐந்து குழாய்களில் 2, 4, 6, 8, 10 சொட்டுகள் விட்டு, சீட்டு ஒட்டி, கண்முன் வரிசையாக வையுங்கள். இவைதான் உங்கள் மாதிரிக் கற்கள். மூன்றாம் முறை சோதனை செய்து, பிழைகள் எத்தனை குறைந்தன என்று எண்ணிப் பாருங்கள். கடைசியாக, வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு மஞ்சள் தாளை வைத்தால் என்ன ஆகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.