ஒன்றரை சென்டிமீட்டர் எங்கே போனது?

"டீச்சர், நான் சரியாத்தான் வெட்டினேன். ஆனா துணி குறையுதே?"

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டபோது, வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். "ஸ்கேலைப் பூஜ்யத்திலிருந்து வைத்தாயா? மறுபடி அளந்து பார்." அளந்தாள். மறுபடியும் குறைந்தது. அவள் பக்கத்தில் இருந்தவளுக்கும் அதே அளவு குறைந்தது. வகுப்பு முழுவதும் ஒரே அளவில் தவறு செய்ய முடியாது என்பது எனக்கு உறைக்கப் பத்து நிமிடம் ஆனது. தவறு என் கணக்கில் இருந்தது.

செண்பகத்தோப்பு மலையடிவாரத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி எங்களுடையது. சன்னலைத் திறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பு மூலையில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று தைத்துத் தரலாம் என்று பெரிய வகுப்பினர் முடிவு செய்தார்கள். முதலில் அணில் படம் வேண்டும் என்றார்கள். முக்கோணத்தை வைத்து அணிலின் வாலைத் தைக்க என்னால் ஆகாது என்றதும் மலைக்கு இறங்கி வந்தார்கள். வெளிர்த் துணியில் வானம், அடர்த் துணியில் மலை. இரண்டும் சேர்ந்து ஒரு சதுரம். நான்கு குழுக்கள், குழுவுக்கு 36 சதுரங்கள், தைத்து முடிந்தபின் ஒவ்வொரு சதுரமும் 10 செ.மீ. நான்கையும் இணைத்தால் 120 செ.மீ. பக்கமுள்ள விரிப்பு.

என் கணக்கு இதுதான். சதுரம் 10 செ.மீ. பக்கத்துச் சதுரத்தோடு இணைக்க நாலாபுறமும் தையலுக்கு 1 செ.மீ. துணி விட வேண்டும். ஆக 12 செ.மீ. எனவே 12 செ.மீ. சதுரங்களை வெட்டி, மூலைவிட்டத்தில் இரண்டாக்கி, வெளிர் முக்கோணம் ஒன்றையும் அடர் முக்கோணம் ஒன்றையும் சேர்த்துத் தைக்கச் சொன்னேன். தைத்து விரித்தால் 10.6 செ.மீ.தான் வந்தது. ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டரைக் காணோம்.

பிதாகரஸ் தேற்றம் நடத்தி முடித்த வாரம் அது. விடை கரும்பலகையிலேயே இருந்தது. ஒவ்வொரு முக்கோணமும் கர்ணத்தின் ஓரத்தில் 1 செ.மீ. துணியைத் தையலுக்குக் கொடுத்துவிடுகிறது. இரண்டு முக்கோணங்கள், எனவே தையலுக்குக் குறுக்கே செல்லும் மூலைவிட்டம் 2 செ.மீ. குறைகிறது. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல √2 மடங்கு என்பதால், பக்கத்தில் குறைவது 2 ÷ √2, அதாவது √2 செ.மீ. 1.41. காணாமல் போன துணி இதுதான். விளிம்புகளுக்கு இடம் விட்ட நான் நடுத் தையலை மறந்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் மெய்யெண்கள் நடத்தும்போது √2-ஐ எண்கோட்டில் குறிக்கச் சொல்கிறோம். அது எங்கோ இருக்கும் ஓர் எண் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். தையலுக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், துணியில் அது அப்படியே, வேறு எதனோடும் பெருக்கப்படாமல், கையில் கிடைக்கிறது. கால் அங்குலம், முக்கால் செ.மீ. என்று வைத்திருந்தால் இவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் திருத்திய அளவோடு தொடங்கினோம். 10 + 2 + 1.41. ஸ்கேலில் 13.4 செ.மீ. வெட்டித் தைத்தோம். இப்போது கணக்கு சரி, ஆனால் துணி சரியாக வரவில்லை. ஒன்று 11.7, இன்னொன்று 12.2, சில சதுரமாகவே இல்லாமல் சாய்ந்து நின்றன. ஒரு சதுரத்துக்கு 2 மி.மீ. குறைந்தால்கூட ஆறு சதுர வரிசையில் 12 மி.மீ. போய்விடும். பக்கத்து வரிசையோடு தைக்கும்போது மலை உச்சிகள் எல்லாம் மழுங்கின.

காரணத்தைக் காட்ட ராஜபாளையம் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு வசதி உண்டு. சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி. இழைகள் விலகி நெய்யப்பட்டிருப்பதால் பாவும் ஊடும் கண்ணுக்கே தெரியும். ஒரு துண்டைப் பாவு நூலின் திசையில் இழுத்தால் நீளாது. ஊடின் திசையிலும் பெரிதாக நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் சரேலென நீளும். கட்டங்கள் எல்லாம் சாய்சதுரமாவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். தையற்காரர்கள் இந்தத் திசையைத்தான் 'கிராஸ்' என்கிறார்கள். முக்கோணத்தின் நீண்ட பக்கம் முழுக்கக் கிராஸ். அதைப் பிடித்துத் தைக்கும் பிள்ளை எவ்வளவு கவனமாக இருந்தாலும் துணி நீளும். "நீ சரியாக அளக்கவில்லை" என்று நாம் சொல்வது பாதி நேரம் துணியின் குணத்துக்குப் பிள்ளையைத் திட்டுவதுதான்.

வழி சொன்னவர் ஒரு மாணவியின் தாய். வீட்டில் ரவிக்கை தைப்பவர். துண்டுத்துணி கொடுக்க வந்தவரிடம், "என்ன அக்கா செய்வது, ஒன்றும் சேரமாட்டேன் என்கிறதே" என்று காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெருசா வெட்டித் தைங்க டீச்சர். தச்சதுக்கப்புறம் அளவு வச்சு வெட்டிக்கலாம். தைக்கையில துணி நகரும், தச்ச பிறகு நகராது."

பிற நாட்டு ஒட்டுத்துணி விரிப்புக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்பது பின்னர் தெரிந்தது. அங்குலக் கணக்கில் தையலுக்குக் கால் அங்குலம் விடுவார்கள். நம் சூத்திரப்படி, முடிந்த அளவோடு கூட்ட வேண்டியது ¼ × (2 + √2), அதாவது 0.854 அங்குலம். ஸ்கேலில் எட்டில் ஒரு பங்காகக் கோடு இருப்பதால் அதை ⅞ என்று எழுதுகிறார்கள். அதுவும் தொல்லை என்பவர்கள் முழு அங்குலம் கூட்டி வெட்டி, தைத்தபின் சீர்செய்கிறார்கள்.

நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். வெளிர்த் துணியில் 14 செ.மீ. சதுரம் ஒன்று, அடர்த் துணியில் ஒன்று. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க அடுக்கி, மேல் துணியில் பென்சிலால் மூலைவிட்டம் வரைய வேண்டும். அந்தக் கோட்டின் இருபுறமும் 1 செ.மீ. தள்ளி ஓடு தையல். அதன் பிறகுதான் கோட்டின்மேல் வெட்டுவது. இப்படிச் செய்தால் கிராஸ் விளிம்பு தையல் முடியும்வரை வெளியே வருவதே இல்லை. பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும். ஒரு இணையிலிருந்து இரண்டு சதுரங்கள் கிடைக்கும். விரித்து, தையலை அடர் நிறப் பக்கமாக மடித்து, கரண்டியின் பின்புறத்தால் அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் நீளும். தையலின் இரு நுனியிலும் காது போலத் துணி நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இப்போது சதுரம் சுமார் 12.6 செ.மீ. இருக்கும். தேவை 12. இதைச் சீர்செய்யும் இடத்தில்தான் வேலை கெட்டுப்போகும், ஆகவே நிதானம் வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து அளந்து மிச்சத்தை வெட்டினால் தையல் மூலையை விட்டு விலகிவிடும். அட்டை வைத்து வெட்டினாலும் அடியில் இருக்கும் தையல் தெரியாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபைல் உறையில் 12 செ.மீ. சதுரம் வெட்டி, அதன் மூலைவிட்டத்தை மார்க்கரால் வரைந்தோம். அந்தக் கோட்டைத் தையலின்மேல் பொருத்தி, நான்கு புறமும் கொஞ்சம் துணி வெளியே தெரிகிறதா என்று பார்த்து, சுற்றிக் கோடு போட்டுக் கத்தரியால் வெட்ட வேண்டும். காதுகளும் அதோடு போய்விடும். கோடு போடுவது பிள்ளைகள். கத்தரி, எட்டாம் வகுப்புக்குக் கீழே என்றால், நம் கையில்.

இந்த 0.6 செ.மீ. எவ்வளவு பிழையைத் தாங்கும் என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. தையல் உள்ளே தள்ளிப்போனால்தான் சதுரம் சிறிதாகும், வெளியே வந்தால் பெரிதாகும், பெரிதானால் வெட்டிக்கொள்ளலாம். உள்ளே போகும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பக்கம் 1.41 மி.மீ. குறையும். 5.9-ஐ 1.41-ஆல் வகுத்தால் 4.2. தையல் 4 மி.மீ. வரை தடம் மாறினாலும் சதுரம் தப்பிக்கும். முதன்முறை ஊசி பிடிப்பவர்களுக்கு 14.5 செ.மீ. கொடுக்கலாம்.

துணி வீணாகாதா என்ற கேள்வி ஆசிரியர் அறையில் வந்தது. பரப்பளவில் பார்த்தால் ஒன்பது சதவீதம் கூடுதல்தான். ஆனால் கடையில் துணியைப் பரப்பளவாக வாங்குவதில்லை. 90 செ.மீ. அகலத் துணியில் 13.4 செ.மீ. சதுரம் வெட்டினாலும் ஒரு வரிசைக்கு ஆறுதான் வரும், 14 செ.மீ. வெட்டினாலும் ஆறுதான். ஒரு குழுவுக்கு வேண்டிய 18 சதுரங்களுக்கு மூன்று வரிசை: 40.2 செ.மீ. நீளத்துக்குப் பதில் 42. கூடுதல் செலவு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. எப்படியும் அரை மீட்டர்தான் வாங்குவோம். (துணியை முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும். பாலியஸ்டர் கலந்த துண்டுகள் வழுக்கும், பிள்ளைகளுக்கு வேண்டாம்.)

எந்த வடிவத்தையும் இதே போல மாற்றிக்கொள்ளலாம். தையலுக்கு 1 செ.மீ. என்றால், முடிந்த அளவோடு 4 கூட்டி வெட்டி, 2 கூட்டிய அளவுக்குச் சீர்செய்ய வேண்டும். புத்தகத்தில் 6 அங்குலச் சதுரம் என்றிருந்தால் அதை 15 செ.மீ. என்று எடுத்துக்கொண்டு, 19-இல் வெட்டி, 17-க்குச் சீர்செய்யலாம். நான்கு முக்கோணங்கள் நடுவில் சந்திக்கும் உடுக்கை வடிவத்துக்கு இது போதாது. அதில் குறுக்குத் தையல் இரண்டு முறை வருவதால் √2 இரண்டு முறை போகும். 2 + 2.83, ஆக 4.83. அதற்கு 5.5 கூட்டி வெட்டுங்கள். முதல் தையல் முடிந்ததும் சீர்செய்துவிடாதீர்கள், இரண்டாவது தையலுக்குப் பிறகு ஒரே முறைதான். பிளாஸ்டிக் அச்சில் இரண்டு மூலைவிட்டங்களும் வேண்டும்.

ஆடிப்பூரத் தேரைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள், "தேர்ச்சீலை தைக்கிறவங்களும் இப்படித்தான் வெட்டுவாங்களா?" என்று கேட்டார்கள். இல்லை. தேர்ச்சீலையிலும் தொம்பையிலும் வெட்டிய வடிவத்தை வேறொரு துணியின்மேல் வைத்துத் தைக்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவண்டியும் அப்படியே. பழைய சேலையின்மேல் ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். அச்சும் கிடையாது, ஸ்கேலும் கிடையாது. அடியில் தாங்கும் துணி இருப்பதால் ஒரு துண்டின் பிழை அடுத்த துண்டுக்குப் போவதில்லை. நம் விரிப்பில் துண்டுகளே ஒன்றையொன்று தாங்குகின்றன. அதனால்தான் இவ்வளவு கணக்கு.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒன்று. தைப்பதற்கு முன் சீர்செய்த சதுரங்களைச் சின்ன வகுப்பில் இரண்டு நாள் கொடுத்துவைத்தோம். நான்கை எடுத்து இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் காற்றாடி வரும், வைரம் வரும், மலை வரும். ஒவ்வொரு சதுரத்தையும் நான்கு விதமாகத் திருப்பலாம் என்பதால் மொத்தம் 4 × 4 × 4 × 4 = 256 அடுக்குகள். பிரான்சில் செபாஸ்டியன் திருஷே என்ற துறவி, குறுக்கே இருநிறமான சதுர ஓடுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று 1704-இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அமைப்புகள் பாடத்துக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நாங்கள் யோசிக்காத ஓர் அடுக்கைச் செய்தான். மலைகள் தலைகீழாகத் தண்ணீரில் தெரிவது போல. கடைசி இரண்டு வரிசைகளை அவன் சொன்னபடியே மாற்றித் தைத்தோம்.

முதல் நாள் வெட்டிய 10.6 செ.மீ. சதுரங்களைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அவற்றை 10 செ.மீ. அளவுக்குச் சீர்செய்து, தையல் போக 8 செ.மீ. சதுரங்களாக, கரும்பலகை துடைக்கும் துணிகளாக இணைத்துவிட்டோம். கேள்வி கேட்ட மாணவி தன் பங்கைத் தரவில்லை. தன் கணித நோட்டின் உள்ளட்டையில் ஒட்டி, கீழே 12 – √2 என்று எழுதிவைத்திருக்கிறாள்.