குளத்துக்கரையில் ஒரு கணக்கு

குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடி, வழிநெடுகக் குளங்களை நிறைத்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில், பாவூர்சத்திரத்தை அடுத்த கீழப்பாவூர் குளத்துக்கரையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். கறுத்த உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக மிதப்பது நாமக்கோழி. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தும் நெல்லைப் பக்கத்துக் குளங்களுக்கு விருந்தாளிதான்.

இவற்றை எண்ணவே ஒரு கூட்டம் கிளம்புகிறது! மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், உள்ளூர் இயற்கை ஆர்வலர்களோடு சேர்ந்து 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. தென்காசி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில், பெரும்பாலும் ஜனவரியில், பொங்கலை ஒட்டி நடக்கும்.

மாணவர்களும் ஆசிரியர்களும் தொலைநோக்கியும் நோட்டுமாகக் கரையேறுவார்கள். பறவைகள் பெருங்கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அதையே பத்துப் பத்தாக நகர்த்திக்கொண்டு போவார்கள். குளத்தில் குப்பை, ஆக்கிரமிப்பு, கழிவுநீர் உண்டா என்பதையும் பார்ப்பார்கள். பறவை தெரியாதவர்களும் வரலாம். கூட இருப்பவர்கள் சொல்லித்தருவார்கள்.