நெட் தீர்ந்த பிறகும் பேசும் போன்

இரவு பத்து மணி வாக்கில் அந்தக் குறுஞ்செய்தி வரும்: இன்றைய 1.5 ஜிபி முடிந்தது, இனி வேகம் 64 கேபிபிஎஸ். அதன் பிறகு யூடியூபில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். குடும்பக் குழுவில் வந்த கல்யாணப் பத்திரிகை மங்கலாகவே நிற்கும். நெட் தீர்ந்துவிட்டது என்று போனைக் கீழே வைத்துவிடுவோம். ஆனால் அதே நிலையில் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியை வாட்ஸ்அப்பில் அழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் லைன் கிடைக்கும், பேசவும் முடியும்.

64 என்பது தொலைபேசி உலகத்துக்குப் பழைய எண். குரலின் அலையை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் விநாடிக்கு 64,000 பிட். 1972-லேயே தரநிலையாகிவிட்ட கணக்கு இது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்த பின் எஸ்டிடி பூத்தில் மீட்டரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பேசியதெல்லாம் இந்த அகலத்துக்குள்தான். இன்று ‘தீர்ந்துபோன’ டேட்டாவின் மிச்சமாகக் கிடைப்பது, அன்று ஒரு முழு அழைப்புக்கு ஒதுக்கிய இடம்.

இன்றைய செயலிகளுக்கு அதில் கால்வாசியே போதும். தொண்டையில் எழும் ஒலிக்கு நாக்கும் உதடும் மூக்கும் உருவம் கொடுக்கின்றன. ஆனால் நாக்கு என்னதான் வேகமாகப் புரண்டாலும், மின்னணுவின் கணக்கில் அது ஆமை. ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் வாயின் வடிவம் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே முந்தைய சில அளவுகளை வைத்து அடுத்ததை ஊகித்துவிடலாம். ஊகிக்கும் விதியையும், ஊகம் எங்கே பிசகியது என்பதையும் அனுப்பினால் போதும். இந்த வித்தையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பிஷ்ணு அடல். கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். இணைய அழைப்புகளில் பரவலாகப் புழங்கும், 2012-ல் தரநிலையான ‘ஓபஸ்’ முறையிலும் பேச்சைச் சுருக்குவது இதே ஊகம்தான். விநாடிக்கு 16 கிலோபிட்டில் அது பழைய லேண்ட்லைனைவிடத் தெளிவாகப் பேசும்.

இனி வருவது வேடிக்கை. குரலை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி, விநாடிக்கு ஐம்பது பாக்கெட் அனுப்புகிறது போன். ஒவ்வொன்றிலும் குரல் 40 பைட். அது எங்கே போக வேண்டும், வரிசையில் எத்தனையாவது என்ற விலாச விவரம், நம் மொபைல் நெட்வொர்க்குகளில் பரவலாக உள்ள ஐபிவி6 முறையில், 60 பைட். கடிதத்தைவிட உறை கனம். இரண்டையும் கூட்டினால் ஒரு திசைக்கு ஏறக்குறைய 40 கிலோபிட், அதாவது 64-க்குள் அடக்கம். போக்கும் வரத்தும் சேர்த்து ஒரு மணி நேரப் பேச்சுக்கு 36 எம்பி அளவுதான் ஆகும். வாட்ஸ்அப்பில் பேசிப் பேசியே டேட்டாவைத் தீர்க்கிறாள் என்று வீட்டில் யாரையாவது திட்டியிருந்தால், அது அநியாயம். வீடியோவை வேண்டுமானால் குற்றம் சொல்லுங்கள்.

அப்படியானால் 5ஜி, முழு சிக்னல், எக்கச்சக்க டேட்டா இருந்தும் அழைப்பு ஏன் திக்குகிறது? குரலுக்கு அளவு பெரிய விஷயமில்லை, நேரம்தான் எல்லாம். வாயிலிருந்து மறுமுனைக் காதுக்கு 150 மில்லிவிநாடிக்குள் போய்விட்டால் உரையாடல் இயல்பாக இருக்கும். அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒரே நேரத்தில் நிறுத்துவோம். இதை முதலில் பட்டு அறிந்தவர்களில் ஒருவர் டேனி கோஹன். 1974-ல் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் கலிபோர்னியாவிலிருந்து மாசசூசெட்ஸுக்கு அவரது குழு குரலை அனுப்பியது. அந்த வலையமைப்பின் நெடுந்தூர இணைப்புகளே விநாடிக்கு 50 கிலோபிட்தான், நம் தீர்ந்துபோன நெட்டைவிடக் குறைவு! தொலைந்த பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்குவது கோப்புகளுக்குச் சரி, பேச்சுக்கு அது உதவாது, அரை விநாடி தாமதமாக வரும் அசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வாதிட்டார் அவர். தொலைந்தால் தொலைந்தது என்று போய்க்கொண்டே இருக்கும் யூடிபி என்ற நெறிமுறை 1980-ல் வந்தது. இன்றும் அழைப்புகள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன.

தொலைந்த இடத்தை என்ன செய்வது? கேட்கும் போன் இட்டுக்கட்டுகிறது. ‘வாங்க’ என்பதில் நீளும் ‘ஆ’ ஒரே அலை திரும்பத் திரும்ப வருவதுதான். நடுவில் ஒரு பாக்கெட் போனால், முந்தைய அலையையே இன்னொரு முறை ஒலித்துவிடும், காதுக்குத் தெரியாது. ‘எட்டு’ என்பதில் வெடிக்கும் ‘ட்’ சில மில்லிவிநாடிதான். அது இருந்த பாக்கெட் போனால் ஊகிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் கணக்கு எண்ணையோ ஓடிபியையோ மோசமான லைனில் சொன்னால் மூன்று முறை கேட்கிறார்கள். அடுத்தடுத்துப் பல பாக்கெட்டுகள் போகும்போது பழைய அலையே சுற்றிச் சுற்றி ஒலிப்பதுதான் அந்த ரோபோ குரல். சில செயலிகள் இன்னும் கெட்டி. பாக்கெட் வரத் தாமதமானால் கையிலிருக்கும் பேச்சைச் சுருதி மாறாமல் இழுத்து நேரம் ஓட்டும். வந்து குவிந்துவிட்டால் சொற்களுக்கு இடையிலான மௌனத்தைக் கத்தரித்துக் கணக்கைச் சரிக்கட்டும். தம்பி விட்ட இடைவெளியும் நாம் கேட்கும் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

4ஜி-யில் நம்பரைப் போட்டுப் பேசும் சாதாரண அழைப்பும் பாக்கெட்டாகத்தான் போகிறது. வோல்ட்டி என்று திரையில் தெரிவது அதுதான். ஆனால் அதற்கு நெட்வொர்க்கில் தனிப் பாதை உண்டு. கோபுரமும் போனும் பேசிவைத்துக்கொண்டு அந்த 60 பைட் விலாசத்தை மூன்று, நான்கு பைட்டாகச் சுருக்கியும்விடும். செயலி வழி போகும் அழைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. ரீல்ஸ், கேம், பின்னணியில் இறங்கும் படங்கள் எல்லாவற்றோடும் பொது வரிசையில் நிற்க வேண்டும். 64 கேபிபிஎஸ்-ஸில் பேசப் போகிறவர்கள் தானாகப் படம் இறங்குவதை நிறுத்திவிடுவது நல்லது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஆளைத் தவறவிட்டால் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் நேராக நம்பரைப் போடுங்கள்.