ஓட்டுநரின் கையும் எழுத்தரின் கையும் ஒன்றல்ல

புதுடெல்லி: பெங்களூர் தொம்மலூர் சாலையில் வாகனம் மோதி ஊனமுற்றவர் இழப்பீடு கோரினாலும், அவருடைய வழக்கறிஞர் நாடவேண்டிய முக்கியத் தீர்ப்புகள் இரண்டு. இரண்டையும் எழுதியவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். கர்நாடகத்தில் வழக்கறிஞராக இருந்து, 1993-ல் அம்மாநில உயர் நீதிமன்ற நீதிபதியானவர். 2005 முதல் 2011 வரை உச்ச நீதிமன்றத்தில் பணியாற்றினார்.

ஒரே வயது, ஒரே வருமானம் என்றாலும் தீர்ப்பாயத்துக்குத் தீர்ப்பாயம் தொகை மாறிவந்த நிலையில், 2009-ல் சரளா வர்மா வழக்கில் வயதுவாரியான பெருக்கெண் பட்டியலை அவர் வகுத்தார். மருத்துவர் குறிக்கும் ஊனச் சதவீதமே வருமான இழப்பின் அளவாகிவிடாது என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் தீர்ப்பளித்தார். இடக்கையை இழந்த எழுத்தர் பணியில் தொடரக்கூடும். ஓட்டுநருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும்.

ஆனால், ஊதியச் சீட்டு இல்லாத தொழிலாளியின் வருமானத்தை நிரூபிப்பது இன்றும் வழக்கறிஞரின் கடும் பணியே.