"எங்க லிமிட் இல்லம்மா" என்று இனி சொல்ல முடியாது! புதிய சட்டங்கள் தரும் உரிமைகள்

கும்பகோணத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம். முடித்துவிட்டு இரவு பஸ்ஸில் சென்னைக்குத் திரும்புகிறார் ஒரு பெண். வழியில் விழுப்புரத்தில் பஸ் நிற்கிறது. ஜன்னலோரம் அசந்து உட்கார்ந்திருந்தவரின் கழுத்திலிருந்து செயினை வெளியே நின்ற ஒருவன் பறித்துக்கொண்டு ஓடுகிறான். அவர் கத்திக் கூப்பாடு போடுவதற்குள் ஆள் இருட்டில் மறைந்துவிடுகிறான். பஸ்ஸும் கிளம்பிவிடுகிறது. விடிந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள காவல் நிலையத்துக்குக் கணவருடன் போய் நிற்கிறார்.

"சம்பவம் எங்க நடந்துச்சு? விழுப்புரமா? அது எங்க லிமிட் இல்லம்மா. அங்கேயே போய்க் கொடுங்க."

காட்சி கற்பனைதான். ஆனால் இந்தப் பதிலைக் கேட்காத குடும்பம் குறைவு. நான்கு சவரன் நகைக்காக இன்னொரு முறை மூன்று, நான்கு மணி நேரம் பஸ் ஏற வேண்டுமா என்று யோசித்து, புகாரே கொடுக்காமல் விட்டவர்கள் உண்டு.

2024 ஜூலை 1-ம் தேதியிலிருந்து இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

மாறியது என்ன?

அன்றைக்குத்தான் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தன. 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா. 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதினியம்.

பெயர்கள் இந்தியில் இருப்பதற்கும், போதிய விவாதமின்றி நிறைவேற்றப்பட்டதற்கும் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. வழக்கறிஞர்கள் போராடினார்கள். நம் வாயில் பழகிய எண்களும் மாறின. ஏமாற்றுப் பேர்வழியைக் குறிக்க நாம் சொல்லும் 'ஃபோர் ட்வென்டி' இப்போது 318-வது பிரிவு. கொலைக்கான 302 இப்போது 103. தடை உத்தரவுக்கான 144 இப்போது 163.

எண் மாறியது வக்கீல்களுக்கும் போலீஸாருக்கும் தலைவலி. சாதாரணக் குடும்பங்களுக்கு முக்கியமானவை வேறு இரண்டு: புகார் கொடுக்கப் போகும்போது நம் உரிமை என்ன? நம் வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூப்பிட்டால் என்ன உரிமை? இரண்டுக்கும் பதில் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இருக்கிறது. கீழே வரும் பிரிவு எண்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தினுடையவை.

எங்கே நடந்தாலும், எந்த ஸ்டேஷனிலும்

173-வது பிரிவு இப்படிச் சொல்கிறது: பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், அது எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்து, சம்பந்தப்பட்ட நிலையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்' என்பது இதுதான். டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013-லேயே இதை வலியுறுத்தியது. அதன்பின் அரசு சுற்றறிக்கைகளில் இருந்து வந்த இந்த முறை, இப்போது சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

நேரில்தான் போக வேண்டும் என்பதுமில்லை. மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: மூன்று நாள்களுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஆன்லைனில் அனுப்பிவிட்டோமே என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் அது எஃப்.ஐ.ஆர் ஆகாது.

புகார் எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே போதும். அதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது நிலைய அதிகாரியின் வேலை. பாலியல் குற்றம் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும்.

சி.எஸ்.ஆர் வேறு, எஃப்.ஐ.ஆர் வேறு

தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் பெரும்பாலும் கைக்கு வருவது சி.எஸ்.ஆர் ரசீது. 'புகார் வந்தது' என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. வழக்கு பதிவானதற்கு ஆதாரம் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்தான். நகைத் திருட்டோ, வண்டித் திருட்டோ, பின்னால் இன்ஷூரன்ஸ் கேட்கப் போகும்போது இந்த வித்தியாசம் புரியும்.

எஃப்.ஐ.ஆர் நகலைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனடியாக, இலவசமாகக் கொடுக்க வேண்டும். "ஜெராக்ஸ் காசு" கூடக் கிடையாது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் எஃப்.ஐ.ஆர் பார்க்கும் வசதி உண்டு.

இன்னொரு புதிய உரிமை: விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாள்களுக்குள் போலீஸே பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் (193-வது பிரிவு). "என்ன சார் ஆச்சு?" என்று நாம் நடையாய் நடக்க வேண்டியதில்லை. மொபைலில் தகவல் அனுப்பினாலும் சரிதான்.

அந்த 14 நாள்

ஒரு கையால் கொடுத்த சட்டம், இன்னொரு கையால் சற்றே பிடித்தும் வைத்திருக்கிறது.

புகாரில் கைது செய்யக்கூடிய குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய சட்டமோ, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி-யின் முன் அனுமதியோடு, 14 நாள் வரை முதற்கட்ட விசாரணை நடத்த இடம் தருகிறது. முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த அவகாசம்.

நியாய சன்ஹிதாவில் பறிப்பு இப்போது தனிக் குற்றம். 304-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. எனவே அந்தப் பஸ் பயணியின் புகாரும் இந்த 14 நாள் வரம்புக்குள் வரலாம். பொய்ப் புகாரில் சிக்குபவருக்கு இது பாதுகாப்பு. உண்மையிலேயே நகையைப் பறிகொடுத்தவருக்கு, செயின் உருக்கப்படுவதற்குப் போதுமான கால தாமதம்.

"விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்று பதில் வந்தால் அமைதியாக ஒரே கேள்வி கேட்கலாம்: "டி.எஸ்.பி அனுமதி வாங்கியிருக்கீங்களா சார்? எந்தத் தேதியிலிருந்து 14 நாள்?" சட்டம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி இது என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

வாங்கவே மறுத்தால்?

புகாரின் சாரத்தை எழுதி மாவட்ட எஸ்.பி-க்குத் தபாலில் அனுப்பலாம். மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலக உயரதிகாரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். எஸ்.பி-க்கு அனுப்பியதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை அப்போது இணைக்க வேண்டும் என்பதால்தான் அந்த ரசீது முக்கியம்.

வீட்டுப் பெரியவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால்?

தெருவில் ஒரு தகராறு. வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தா பார்த்திருக்கிறார். "சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க" என்று ஆள் வருகிறது. போக வேண்டுமா?

179-வது பிரிவின்படி, சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையாக நோயுற்றவர்கள் ஆகியோரை வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் ஆண்களுக்கான வயது வரம்பு 65. இப்போது 60 ஆகக் குறைந்திருக்கிறது. அவர்களாக விரும்பி ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றால் வரலாம், கட்டாயம் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் 60 வயதைக் கடந்தவராகவோ உடல் நலிந்தவராகவோ இருந்து, குற்றத்துக்கான தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருந்தால், டி.எஸ்.பி-யின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது. இது 35-வது பிரிவில் புதிதாகச் சேர்ந்தது.

கைது என்றால்...

கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு தயாரித்து, குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும். அதையும் அவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணை முழுக்க இல்லாவிட்டாலும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு.

"எங்க புள்ளைய எந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னே தெரியலையே" என்று அலையும் பெற்றோருக்காக 37-வது பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கைதானவர்களின் விவரத்தைப் பராமரிக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். அந்த விவரம் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது என்ற பழைய விதி தொடர்கிறது. தவிர்க்க முடியாத சூழல் என்றால், பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற வேண்டும்.

வீட்டில் சோதனை நடத்தினால் அதை வீடியோ எடுப்பது இப்போது கட்டாயம் (105-வது பிரிவு). "எங்க வீட்டில் இல்லாததை இருந்ததாகக் காட்டிவிட்டார்கள்" என்ற சண்டைக்கு இனி பதிவு சாட்சி சொல்லும்.

வீடியோ கால் போட்டு, போலீஸ் உடையில் ஒருவர் "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டினால்? எந்தச் சட்டத்திலும் அப்படியொரு கைது கிடையாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் 35-வது பிரிவு நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இணைப்பைத் துண்டித்துவிட்டு 1930-க்கு போன் செய்யுங்கள்.

கவலை தரும் பக்கம்

எல்லா மாற்றமும் மக்கள் பக்கம் சாயவில்லை. போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான் என்பது மாறவில்லை. ஆனால் முன்பு கைதான முதல் 15 நாளுக்குள் அது முடிந்துவிட வேண்டும். இப்போது, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் அதைப் பிரித்துப் பிரித்துக் கேட்கலாம். சிறைக்குப் போனவரை மறுபடி காவலில் எடுக்க முடியும் என்பதால், ஜாமீன் கிடைப்பதும் தள்ளிப்போகலாம் என்பது வழக்கறிஞர்களின் அச்சம்.

தேசத்துரோகம் என்ற சொல் சட்டத்திலிருந்து போய்விட்டது. ஆனால் நாட்டின் இறையாண்மை, ஒற்றுமைக்கு ஆபத்து விளைவிப்பதைத் தண்டிக்கும் 152-வது பிரிவு நியாய சன்ஹிதாவில் வந்திருக்கிறது. ஆயுள் தண்டனை வரை தரலாம். அதன் சொற்கள் அகலமாக இருக்கின்றன என்ற விமர்சனம் ஓயவில்லை.

மறுபுறம், விசாரணைக் கைதிகளுக்கு ஒரு நல்ல செய்தி. முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீன் பெறலாம் (479-வது பிரிவு). முன்பு இது பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

காசில்லாதவருக்கு வக்கீல்

"இதெல்லாம் பேச வக்கீல் வேணும், வக்கீலுக்குக் காசு வேணும்" என்று தோன்றலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மறுபடியும் அந்தப் பெண்ணிடம் வருவோம். "எங்க லிமிட் இல்லம்மா" என்றவரிடம் அவர் குரலை உயர்த்தவில்லை. "173-வது பிரிவுப்படி இங்கேயே வாங்கலாம்னு சொல்றாங்க சார். ஜீரோ எஃப்.ஐ.ஆர் போட்டு விழுப்புரத்துக்கு அனுப்பிடுங்க. நகல் மட்டும் எனக்கு ஒண்ணு கொடுங்க" என்கிறார்.

செயின் கிடைக்குமா என்பது வேறு விஷயம். புகாருக்கு ஒரு எண் கிடைத்துவிடும். அதை யாராலும் குப்பைக்கூடையில் போட முடியாது.

போனில் சேமித்துக்கொள்ள:

அவசர உதவி – 112
பெண்கள் உதவி – 181
குழந்தைகள் உதவி – 1098
சைபர் மோசடி – 1930
இலவச சட்ட உதவி – 15100