சாரக் கம்பின் பூர்வீகம்

சுந்தரபாண்டியத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மாடி வீடு எழும்பினால் கொத்தனாரைத் தாங்கி நிற்பது சவுக்குக் கம்பு. தளம் போடும்போது முட்டுக் கொடுப்பதும், திருவிழாப் பந்தலுக்குக் காலாக நிற்பதும் அதுவே.

சவுக்கு நம் ஊர் மரமில்லை. ஆஸ்திரேலியாவின் வடகரையும் தென்கிழக்காசியத் தீவுகளும் அதன் பூர்வீகம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டி, சென்னை மாகாணக் கடற்கரை மணலில் இதைத் தோப்பு தோப்பாக நட்டார்கள். வெட்டிய பச்சை வாடும் முன்பே எரியக்கூடிய விறகு; கிலோவுக்கு ஏறக்குறைய 5,000 கிலோகலோரி வெப்பம் தரும்.

பார்த்தால் பைன் மரம் என்றே தோன்றும். ஆனால் அந்த ஊசி, இலையே அல்ல. மெல்லிய பச்சைக் கிளை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் கணுவில் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல் பல்லாக நிற்கும் நுண்செதில்கள்தான் நிஜ இலைகள். பூக்கும் தாவரமான இது வன்மர வகையைச் சேர்ந்தது.

காய்ந்த சவுக்கு கன மீட்டருக்கு 900 கிலோ அளவுக்குக்கூடக் கனக்கும். தேக்கு 650 அளவுதான். இத்தனை கனமான மரத்தில் ஏன் ஒரு கதவுகூடச் செய்வதில்லை? காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும், வாளுக்கும் மசியாது. பலகை அறுக்கச் சொன்னால் ஆசாரியின் வசவுதான் மிஞ்சும். அறுக்காமல் உருட்டாகவே பயன்படுத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நெருக்கி நட்டால் வெளிச்சம் தேடி நேராக ஓடும். நாலைந்து வருடத்தில் வெட்டலாம். நெடுக ஓடும் நார் அறுபடாததால் கம்புக்கு வலு அதிகம். மண்ணில் புதைந்த அடி மட்டும் சீக்கிரம் இற்றுப்போகும். சில மாதத்தில் பிரிக்கிற சாரத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

வெறும் மணலில் எப்படி வளர்கிறது? வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. பயறுச் செடிக்கு ரைசோபியம் செய்யும் அதே வேலை. உப்புக்காற்றையும் தாங்குவதால் 2004 சுனாமிக்குப் பின் கடலோரத்தில் மீண்டும் சவுக்குத் தோப்புகள் எழுந்தன.

இப்போது பெரிய கட்டடங்களில் இரும்புக் குழாய் வந்துவிட்டது. ஆனாலும் கடலூர், விழுப்புரம் பக்கத்து விவசாயிகள் சவுக்கைக் கைவிடவில்லை. கோவையிலுள்ள வன மரபியல் நிறுவனம் வேகமாக வளரும் ரகங்களைத் தருகிறது; காகித ஆலைகள் கூழுக்கு வாங்குகின்றன. கம்புக்குத் தேறாத கோணல் மரமும் அங்கே விலை போகிறது.